லத்தீனில் மதிப்பெண் சரியும்போது எங்கே பார்க்க வேண்டும்

"ஏழாம் வகுப்பில் 90-க்கு மேல் வாங்கினாள். எட்டாவதில் 60-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறாள். கவனம் சிதறிவிட்டதா?"

அக்டோபரில் நடக்கும் பெற்றோர் சந்திப்பில் வருடா வருடம் இந்தக் கேள்வி வந்துவிடும். அமெரிக்காவில் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு 15 வருடமாக லத்தீன் சொல்லித் தருகிறேன். இப்படிக் கேட்பவர்களில் நம் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. கவனமெல்லாம் சிதறவில்லை. பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: முதல் வருடம் முழுக்க அந்தப் பிள்ளை வாக்கியங்களை யூகித்தே கடந்திருக்கும். அப்போது யூகம் போதுமானதாக இருந்தது. இப்போது போதவில்லை.

போன வருடம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளி முடிந்தபின் உதவி கேட்டு வந்தாள். வீட்டில் பாட்டியோடு தமிழ் பேசுகிறவள். போர்டில் 'புவெரும் கானிஸ் மோர்டெட்' என்று எழுதினேன். 'புவெர்' என்றால் பையன், 'கானிஸ்' என்றால் நாய், 'மோர்டெட்' என்றால் கடிக்கிறது. பட்டென்று "நாய் பையனைக் கடிக்கிறது" என்றாள். சரியான விடை. அடுத்து 'கானெம் புவெர் மோர்டெட்' என்று எழுதினேன். அதற்கும் அதே விடையைச் சொன்னாள். ஆனால் அந்த வாக்கியத்தில் பையன்தான் நாயைக் கடிக்கிறான்.

முதல் விடையும் அவள் லத்தீனைப் படித்துச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. பையன், நாய், கடி என்ற மூன்று சொல் தெரியும். நாய்தானே கடிக்கும்? மீதியைப் பொது அறிவு பார்த்துக்கொண்டது. முதல் வருடப் பாடநூல்களில் படம் இருக்கும், கதை எளிமையாக இருக்கும், அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய யூகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். தேசிய லத்தீன் தேர்விலும் இது எளிதில் தெரியாது. அதன் 40 கேள்விகளும் தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை.

மூன்றாவதாக 'யூலியாம் கிளாடியா விடெட்' என்று எழுதினேன். இரண்டு பெண்கள், ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கிறாள். இங்கே பொது அறிவு உதவாது. திகைத்து நின்றாள். இதையே பாட்டியிடம் சொல்வதுபோலத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

"யூலியாவை கிளாடியா பார்க்குறா."

"பேரை முன்னபின்ன மாத்திச் சொல்லு."

"கிளாடியா யூலியாவைப் பார்க்குறா."

"அர்த்தம் மாறிச்சா?"

"இல்ல."

"ஏன் மாறல?"

கொஞ்சம் யோசித்தாள். "'வை' இருக்குல்ல."

அந்த 'வை'தான் 'யூலியாம்' என்பதில் இருக்கும் 'ம்'. நம் இலக்கணத்தில் இரண்டாம் வேற்றுமை. ஆங்கிலத்தில் யார் யாரைப் பார்த்தார் என்பதைச் சொல்லின் இடம் சொல்லும். லத்தீனில் அது சொல்லின் கடைசியில் இருக்கிறது, தமிழைப் போலவே. பள்ளி முழுக்க ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளை இடத்தைப் பார்க்கப் பழகியிருக்கும். தமிழ் பேசும் பிள்ளைக்குக் கடைசியைப் பார்க்கவும் தெரியும். தெரியும் என்பதே அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த ஒற்றுமை இன்னும் போகும். 'மிஹி ஃப்ராடெர் எஸ்ட்' என்ற வாக்கியத்தை ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு விளக்க எனக்குப் பாதி வகுப்பு ஆகும். தமிழில் சொல்லுக்குச் சொல் அப்படியே வரும்: 'எனக்குச் சகோதரன் இருக்கிறான்.' 'மிஹி பிளாகெட்' என்றால் 'எனக்குப் பிடிக்கிறது'. வினைச்சொல்லும் அப்படித்தான். 'அமோ' என்ற ஒரே சொல்லில் 'நேசிக்கிறேன்' என்பது முழுதாக வந்துவிடும், 'நான்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான, தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்குவின் தமிழ் இலக்கண நூல் லத்தீனில்தான் எழுதப்பட்டது. அவர் லத்தீன் வழியாகத் தமிழை விளக்கினார். தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் அதே பாதையில் எதிர்த்திசையில் போகிறேன்.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். நமக்கு வாளால், நகரில், நகரிலிருந்து என்று மூன்றுக்கும் தனித்தனி உருபு உண்டு. லத்தீனில் இந்த மூன்று வேலையையும் 'அப்லேட்டிவ்' என்ற ஒரே வேற்றுமை செய்யும். முன்னால் வரும் சின்னச் சொல்லையும் சூழலையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அப்புறம் பால். மேசைக்குப் பெண்பால் என்றால் நம் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். 'நல்ல' என்ற சொல் தமிழில் யாருக்கும் எதற்கும் மாறாமல் நிற்கும். லத்தீனில் அது பெயரோடு சேர்ந்து மாறும், அதுவும் பெயரின் கடைசி ஒலியைப் பார்த்து இல்லை, பெயரின் பாலைப் பார்த்து. விவசாயி என்று பொருள்படும் 'அக்ரிகோலா' ஆண்பால், அதனால் 'அக்ரிகோலா போனுஸ்' என்றுதான் வரும். தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. இதற்கு மனப்பாடத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

மனப்பாடம் என்றதும் சொல் அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்போன் செயலியில் 'ரெக்ஸ் என்றால் அரசன்' என்று ஒரு சொல்லுக்கு ஒரு பொருளாக நூற்றுக்கணக்கில் போட்டுப் படிக்கிறார்கள். சிறுதேர்வில் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் பாடத்தில் 'ரெக்ஸ்' ஒருமுறை வந்தால் 'ரேகெம்', 'ரேகிஸ்', 'ரேகீ' பத்து முறை வரும், அவற்றைப் பிள்ளைக்கு அடையாளம் தெரியாது. தமிழ் கற்கும் ஒருவர் 'மரம்' என்பதை மட்டும் படித்துவிட்டு 'மரத்தை' என்று வரும்போது விழிப்பது போலத்தான் இது. அகராதியில் 'ரெக்ஸ், ரேகிஸ்' என்று இரண்டு வடிவம் கொடுப்பது இதற்காகவே. இரண்டாவது வடிவத்தில்தான் மற்ற எல்லாம் முளைக்கும் தண்டு இருக்கிறது. ஆரம்ப வருடங்களில் நானே ஒற்றை வடிவ அட்டைகளை ஏற்றுக்கொண்டேன், பிள்ளைகள் பாரம் தாங்க மாட்டார்கள் என்று நினைத்து. அந்தப் பிள்ளைகள் அடுத்த வருடம் பட்ட பாட்டை நேரில் பார்த்தபின் நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் வருடத்தில் என்ன மாறுகிறது? வாக்கியம் நீளும். 'உர்பே காப்டா' என்று இரண்டே சொல்லில் 'நகரம் பிடிபட்டதும்' என்பது வந்து நிற்கும். 'வருகிறாள் என்று சொல்கிறேன்' என்பதற்கு 'என்று' போல ஒரு சொல் லத்தீனில் இருக்காது. வருகிறவளை இரண்டாம் வேற்றுமையில் வைத்து, வினையையும் வடிவம் மாற்றிப் போடுவார்கள். கடைசி எழுத்தைப் பார்க்காத பிள்ளைக்கு இதெல்லாம் சிதறிக் கிடக்கும் சொற்கள்.

வீட்டில் கண்டுபிடிக்க உங்களுக்கு லத்தீன் தெரிந்திருக்க வேண்டாம். பாடநூலில் ஒரு வாக்கியத்தைக் காட்டி "என்ன அர்த்தம்?" என்று கேட்காதீர்கள். "இதில் செய்தவர் யார்? எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். சொல்லின் கடைசியைத் தொட்டுக் காட்டினால் கவலை இல்லை. "அப்படித்தானே இருக்க முடியும்" என்றால் யூகம். சில பிள்ளைகள் 'அமோ, அமாஸ், அமாட்' என்று அட்டவணையைத் தாளத்தோடு ஒப்பிப்பார்கள், வாக்கியத்துக்குள் 'அமாட்' வந்தால் யார் செய்வது என்று சொல்லத் தெரியாது. அவர்களுக்கு இன்னொரு அட்டவணை பயன்படாது. தினம் 10 நிமிடம், மூன்றே வாக்கியம், சத்தம் போட்டு இடமிருந்து வலமாகப் படித்து, ஒவ்வொரு சொல்லிலும் நின்று இது 'ஐ' உருபா, 'கு' உருபா, 'உடைய' உருபா என்று சொல்லிப் போகட்டும். வினையைத் தேடி வாக்கியத்தின் கடைசிக்குத் தாவ விடாதீர்கள்.

இணைய மொழிபெயர்ப்பில் போட்டு வீட்டுப்பாடம் முடிக்கிறார்களா என்றும் பாருங்கள். வீட்டுப்பாடம் 95, வகுப்பில் முன்பின் பார்க்காத பத்தி 55 என்றால் அதுதான் காரணமாக இருக்கும். திட்டுவதற்கு முன் அந்த வாக்கியங்களைத் திரும்ப உட்கார்ந்து செய்ய நேரம் கொடுங்கள். பயத்தில்தான் அதைச் செய்கிறார்கள்.

கல்லூரிக்கான எஸ்ஏடி தேர்வுக்கு லத்தீன் உதவும் என்று சேர்த்துவிட்ட பெற்றோரும் வருவார்கள். எஸ்ஏடியின் தனி லத்தீன் தேர்வு 2021-இல் நின்றுபோனது. இப்போது உயர்நிலை முடிவில் இருப்பது ஏபி லத்தீன் என்ற கல்லூரி நிலைப் பாடமும் தேர்வும். 2025-26 கல்வியாண்டிலிருந்து அதில் சீசருக்குப் பதிலாகப் பிளினியின் கடிதங்கள் வந்திருக்கின்றன, ரோமானியக் கவிஞர் வெர்ஜில் தொடர்கிறார். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது 17 வயதுப் பையனாகத் தூரத்திலிருந்து அதைப் பார்த்தவர் பிளினி. அதைப் பற்றி அவர் எழுதிய கடிதத்தை ஒரு பிள்ளை நேரடியாக அவர் மொழியிலேயே வாசிப்பது பெரிய விஷயம். அங்கே போய்ச் சேர எட்டாம் வகுப்பில் இந்தக் கடைசி எழுத்துப் பழக்கம் வர வேண்டும். உயர்நிலைக்குப் போனபின் சரிசெய்யவும் முடியும், ஆனால் பாடம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் வேலை இரண்டு மடங்கு.

அந்த மாணவி டிசம்பர் தேர்வில் 81 வாங்கினாள். தாளைத் திருத்தும்போது பார்த்தேன், 'ம்' என்று முடியும் சொற்களின் மேல் பென்சிலால் சின்னதாக 'ஐ' போட்டிருந்தாள். ஓரிடத்தில் வை என்றே எழுதியிருந்தாள்.