தலைச்சுற்றல்: வெர்டிகோவுக்கு உரிய தமிழ்ச் சொல்

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்துக்கு வரும் தமிழ் முதியவர் ஒருவர் 'மயக்கமா இருக்கு' என்று சொல்ல, உடன் வந்த மகளோ பேரனோ அதை 'கிடி' என்று ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வதையும், மலாய் பேசும் தாதியிடம் அதுவே 'பெனிங்' ஆகிவிடுவதையும் பலமுறை கேட்டிருக்கிறேன். தளர்ச்சி, கண் இருட்டிக்கொண்டு வருதல், தள்ளாட்டம், சுற்றியுள்ளவை சுழல்வது போன்ற உணர்வு ஆகிய யாவும் இச்சொற்களில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. வெர்டிகோ என்று மருத்துவர் குறிப்பிடுவது இவற்றுள் கடைசியானதை மட்டுமே.

இலத்தீனில் 'வெர்தெரே' என்றால் திருப்புதல். அதிலிருந்து பிறந்த 'வெர்திகோ' சுழற்சியைக் குறித்தது. உயரத்தைக் கண்டு அஞ்சுவதையும் பலர் இப்பெயரால் அழைக்கிறார்கள். அது உயர அச்சம், வேறு ஒன்று. தமிழில் 'மயக்கம்' என்பது மயங்கு என்னும் வினையடியாகப் பிறந்தது. ஒன்றோடொன்று கலத்தல், நிலை தடுமாறுதல் என்பன அதன் பொருள்கள். திணைமயக்கம், மெய்ம்மயக்கம் என்று இலக்கணத்தில் வருவதும் அச்சொல்லே. உணர்விழத்தலுக்கு அது பொருந்தும், சுழற்சிக்குப் பொருந்தாது.

சுற்றுதல் என்ற வினையைத் தன்னுள் கொண்ட 'தலைச்சுற்றல்' என்பதே இலத்தீன் மூலத்துக்கும் நோயாளியின் அனுபவத்துக்கும் நெருக்கமானது என்பது என் துணிபு. 'கிறுகிறுப்பு' அழகிய சொல். ஆயினும் இலேசான தடுமாற்றத்துக்கும் அதை வழங்குவதால், பொதுவான நிலையைக் குறிக்க அதை வைத்துக்கொள்ளலாம். உண்மையில் தலை சுற்றுவதில்லை என்பதையும் மக்கள் வழக்கு அறிந்தே இருக்கிறது. 'வீடே சுத்துது' என்று நம் பாட்டிமார் சொல்வதைவிடத் துல்லியமான விளக்கம் எந்த அகராதியிலும் இருக்காது.

வீடு ஏன் சுற்றுகிறது? உட்செவியில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்களில் நீர்மம் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது அந்நீர்மம் சற்றுப் பின்தங்கி, உள்ளிருக்கும் மென்மையான தடுப்பை வளைக்க, அதிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் அச்செய்தியை நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. குழல்களை அடுத்துள்ள சிறு பைகளில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்படிகங்கள் உள்ளன. 'ஓட்டோலித்' என்னும் அவற்றின் கிரேக்கப் பெயரைப் பிரித்தால் செவி, கல் என வரும். 'செவிக்கல்' என்பது அதற்கு நேரான தமிழ். அவை இடம் பெயர்ந்து குழலுக்குள் நுழைந்துவிட்டால், தலை அசைவு நின்ற பிறகும் நீர்மம் நகர்ந்துகொண்டிருக்கும். இல்லாத சுழற்சியை மூளை உணரும். படுக்கையில் புரளும்போதும், மேல்தட்டிலிருந்து பொருளை எடுக்க அண்ணாந்து பார்க்கும்போதும் தோன்றி, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் இத்தகைய தலைச்சுற்றலை 1921இல் விவரித்தவர் ராபர்ட் பாரனி. உட்செவியின் இந்தச் சமநிலை உறுப்பு பற்றிய ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றவர் அவர். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்த முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பி, அக்கற்களை மீண்டும் பையில் சேர்க்கிறார்கள். மருந்தைவிட இதுவே பெரிதும் பயன்படுகிறது.

காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் சேர்ந்து, மணிக்கணக்கில் நீடித்தால் மெனியே நோயாக இருக்கலாம். சமநிலை நரம்பின் அழற்சியால் வருவது நாள்கணக்கில் நீடிக்கும். ஒற்றைத் தலைவலியும் ஒரு காரணமே.

ஆகவே மொழிபெயர்ப்பவர், சுற்றியது எது என்பதோடு, எந்த அசைவில் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் கேட்டுச் சொல்ல வேண்டும். திடீர்த் தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம், நடக்கவே இயலாமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். அப்போது சொல்லைத் தேடாமல், சிங்கப்பூரில் அவசர மருத்துவ வாகனத்துக்கான 995ஐ அழையுங்கள்.