கோஷ்டி

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாள் புறப்பாட்டில் பிரபந்தம் ஓதிச் செல்பவர்களைக் கோஷ்டி என்பார்கள். அதே சென்னையில் நாளிதழைப் பிரித்தால் ‘கோஷ்டி மோதல்’ என்று இருக்கும். இரண்டும் ஒரே சொல்தான்.

வடமொழியில் கோஷ்டம் என்றால் மாட்டுக் கொட்டில். அதிலிருந்து வந்த கோஷ்டிக்குக் கூட்டம், அவை என்று பொருள். தமிழில் அது எப்போதோ கோட்டி ஆகிவிட்டது. ‘நூலின்றிக் கோட்டி கொளல்’ என்னும் குறளில் கற்றோர் அவையைக் குறிக்கிறது. சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிரணியாக நிற்கும் கூட்டம் என்ற பொருள் அரசியல் பேச்சில் பிற்பாடு ஏறியது.

கோஷ்டிக்குத் தமிழ், குழு. கோஷ்டிப் பூசலுக்கு உட்பூசல். சரி, அன்றாடச் செய்திக்கு இவை போதும். ஆனால் அந்நியர் நம் நாட்டைப் பிடித்த வரலாற்றை எழுதும்போது உட்பகை என்றே எழுத வேண்டும். ‘பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும்’ இல்லாததே நாடு என்று 735ஆம் குறள் இரண்டையும் தனித்தனியாக வைக்கிறது. புறப்பகைக்கு இடம் ஏற்படுத்திக் கொடுத்து, அது வெல்லும்வரை உள்ளேயே நிற்கும் பகைதான் உட்பகை என்கிறார் பரிமேலழகர்.

அவர் சொன்னது அப்படியே ஆற்காட்டில் நடந்தது. 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் இறந்தார். பட்டத்துக்கு அவர் மகன் முகமது அலியும், பழைய நவாப் குடும்பத்து மருமகன் சந்தா சாகிபும் மோதினார்கள். சந்தா சாகிபு பிரெஞ்சுக்காரரோடு சேர, முகமது அலி ஆங்கிலேயரோடு சேர்ந்தார். 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டார். வென்ற முகமது அலிக்கு மிஞ்சியது கடன். சென்னைக் கோட்டைக்குப் பக்கத்திலேயே சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறினார்; போர்ச் செலவுக்கு ஈடாக அவர் நிலங்களின் வருவாய் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனிக்குப் போனது. 1801இல் ஆற்காட்டு நவாப் ஆண்ட கர்நாடகத்தின் ஆட்சியே கும்பெனி கைக்கு வந்துவிட்டது. தோற்றவருக்கும் வென்றவர் வாரிசுக்கும் ஆட்சி மிஞ்சவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

தெற்கிலும் இதே உட்பகைதான். 1799இல் கட்டபொம்மனுக்கு எதிராக எட்டயபுரம் பாளையம் கும்பெனியோடு நின்றது. அவரைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அப்புறம் 1801 ஜூனில் எல்லாச் சாதியாரும் ஒன்றுசேர்ந்து வெள்ளையரை எதிர்க்க வேண்டும் என்று சின்ன மருது திருச்சிக் கோட்டையில் அறிக்கை ஒட்டினார். அந்த ஆண்டு நடந்த போரிலும் எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கும்பெனிப் பக்கமே நின்றன. அக்டோபர் 24இல் மருது சகோதரர்களைச் சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள்.