அமெரிக்காவில் இன்ஜினியர் லைசென்ஸ்: பிளானில் கையெழுத்துப் போட என்ன வேண்டும்?

ஊரில் பி.இ. சிவில், இங்கே எம்.எஸ்., கையில் நல்ல வேலை. இத்தனை இருந்தும் பிளானில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் செல்லாது. பட்டம் கல்லூரி கொடுப்பது, லைசென்ஸ் மாநிலம் கொடுப்பது. இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், நில சர்வேயர் மூவருக்கும் இதே கதைதான். டெக்சாஸ் லைசென்ஸை வைத்துக்கொண்டு லூசியானா பாலத்துக்கு முத்திரை குத்த முடியாது, அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் ஒரு மாநிலத்தில் வாங்கிவிட்டால் பெரும்பாலும் தேர்வை மறுபடி எழுத வேண்டியதில்லை.

முதலில் சட்டம் போட்டது வயோமிங், 1907இல். தண்ணீர் உரிமை கேட்டு வந்த வரைபடங்களில் வக்கீலும் நோட்டரியும்கூட இன்ஜினியர் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டெக்சாஸுக்குப் புத்தி வர 1937 ஆனது. நியூ லண்டன் என்ற ஊரில் எரிவாயுக் கசிவால் ஒரு பள்ளியே வெடித்து ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்த அதே வருடம்தான் அங்கே சட்டம் வந்தது.

சரி, எல்லோருக்கும் லைசென்ஸ் வேண்டுமா? வேண்டாம். கம்பெனிக்குள் அதன் பொருளையே வடிவமைக்கும் மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் ஆட்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் விலக்கு உண்டு, சாஃப்ட்வேர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். கட்டடம், பாலம், வடிகால் என்று பொதுமக்களுக்கு நேரடியாகச் சேவை கொடுப்பவருக்குத்தான் அது கட்டாயம்.

வழி இதுதான்: முதலில் எஃப்.இ. என்ற இன்ஜினியரிங் அடிப்படைத் தேர்வு, 110 கேள்விகள், படித்த சூட்டோடு எழுதிவிடுவது புத்திசாலித்தனம். அப்புறம் பொதுவாக நான்கு வருட அனுபவம், அதன்பின் 80 கேள்விகள் கொண்ட புரொஃபஷனல் இன்ஜினியர் தேர்வு. நெவாடா போன்ற சில மாநிலங்களில் அனுபவம் முடியும் முன்பே இந்த இரண்டாவது தேர்வையும் எழுதலாம். இரண்டையும் நடத்துவது என்.சி.இ.இ.எஸ். என்ற அமைப்பு, லைசென்ஸ் கொடுப்பது மாநில போர்டு. கலிஃபோர்னியா சிவில்காரர்களுக்கு நிலநடுக்கம், சர்வே என்று இன்னும் இரண்டு தேர்வு வைக்கும்.

நம்மாட்கள் மாட்டிக்கொள்வது பட்டத்தில். போர்டுகள் எதிர்பார்ப்பது ஏபெட் (இன்ஜினியரிங் படிப்புகளின் தரத்தைச் சோதிக்கும் அமெரிக்க அமைப்பு) அங்கீகாரம் பெற்ற படிப்பை, அது பெரும்பாலும் இளநிலைப் படிப்புக்கே உண்டு. அதனால் அமெரிக்க எம்.எஸ். இருந்தாலும் பல மாநிலங்கள் ஊர் பி.இ.யைத் தோண்டும், பாடவாரியாக மதிப்பீடு கேட்கும். ஒரு நாட்டின் இன்ஜினியரிங் படிப்பை இன்னொரு நாடு ஏற்க வழிசெய்யும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014இலேயே சேர்ந்துவிட்டதே என்பீர்கள். அது இந்தியாவின் அங்கீகார அமைப்பான என்.பி.ஏ.வின் டயர் 1 (முதல் பிரிவு) அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும், அதுவும் அங்கீகாரம் இருந்த வருடங்களுக்கு மட்டும்.

பெயரைப் போட்டுக்கொள்வதிலும் கவனம் வேண்டும். ஸ்வீடனில் மின்னணுவியல் படித்த ஒருவர் சிக்னல் மஞ்சள் விளக்கின் நேரக் கணக்கு தப்பு என்று ஒரிகன் போர்டுக்கு எழுதும்போது தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டார், 500 டாலர் அபராதம் போட்டுவிட்டார்கள். 2018இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் வேலை எடுத்துச் செய்ய அந்தத் தீர்ப்பு இடம் கொடுக்கவில்லை.

ஆர்க்கிடெக்ட் ஆக 3,740 மணி நேர அனுபவமும் ஆறு பகுதித் தேர்வும் வேண்டும். ஆனால் கலிஃபோர்னியாவில் தரைத்தளத்தையும் சேர்த்து இரண்டு தளத்துக்குள் மரச்சட்டத்தில் கட்டும் தனி வீட்டுக்கு ஆர்க்கிடெக்ட் கட்டாயமில்லை.

நில எல்லையைக் குறிப்பது சர்வேயர் லைசென்ஸ் உள்ளவர் வேலை, சிவில் லைசென்ஸ் போதாது. கலிஃபோர்னியாவில் 1982க்கு முன் சிவில் லைசென்ஸ் வாங்கிய பெரியவர்கள் மட்டும் இன்னும் அதைச் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் அனுபவத்துக்கு லைசென்ஸ் உள்ள இன்ஜினியர்கள் சாட்சி சொல்ல வேண்டும். வேலை மாறுவதற்கு முன்பே, செய்த பிராஜெக்ட் விவரங்களை எழுதி மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்கி என்.சி.இ.இ.எஸ். கணக்கில் ஏற்றிவிடுங்கள். அவர் ஓய்வு பெற்றுப் போனபின் தேடி அலைவது பெரிய பாடு.