பாஸ் இருக்கு, சீட் எங்கே?

போன வாரம் காலை 11.30 மணிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு. பாரிஸில் அப்போது காலை 8 மணி. கார் தெ லியோன் ரயில் நிலையத்திலிருந்து ஒரு மதுரைக்காரர் பேசினார். "சார், எங்ககிட்ட பாஸ் இருக்கு. ஆனா ஏத்த மாட்டேங்கிறாங்க."

கூடவே மனைவி, 62 வயது அம்மா, 13 வயது மகள். ஆளுக்கொரு பெரிய பெட்டி. போக வேண்டியது சூரிக் செல்லும் டிஜிவி லிரியா என்கிற அதிவேக ரயில். நான்கு பேர் கையிலும் ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களுக்கும் பொதுவான 15 நாள் யூரெயில் குளோபல் பாஸ் இருந்தது. ஒருவருக்கும் ரிசர்வேஷன் இல்லை. பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் அன்றைக்குத் தீர்ந்துவிட்டன. வேறு வழியில்லாமல் முழுக் கட்டணத்தில் நான்கு டிக்கெட் எடுத்தார்கள்.

இவர் என்னிடம் வந்தது விசா வேலைக்கு மட்டும்தான். பாஸை உறவினர் ஒருவர் சொன்னார் என்று தானே வாங்கிக்கொண்டார். அவருடைய பயணம் பாரிஸில் 3 இரவு, சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் 3, வெனிஸில் 1, ரோமில் 3. நெடுந்தூர ரயில் ஏறுகிற நாட்களை எண்ணிப் பாருங்கள். மூன்றே மூன்று! அதற்கு 15 நாள் பாஸ். இந்தக் கோடையில் எனக்கு இது நான்காவது கேஸ். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். பாஸ் வேறு, சீட் வேறு. பாஸ் என்பது பயணக் கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டிவிட்டதற்கான அத்தாட்சி, அவ்வளவுதான். நம் ஊரில் ரிசர்வேஷன் இல்லாவிட்டால் அன்ரிசர்வ்டு பெட்டியில் தொற்றிக்கொள்ளலாம். ஆர்ஏசி உண்டு, வெயிட்டிங் லிஸ்ட் உண்டு, டிடிஇயிடம் கெஞ்சினால் சமயத்தில் ஒரு பெர்த்தும் உண்டு. டிஜிவியில் இதெல்லாம் கிடையாது. சீட் எண் இருந்தால்தான் பயணம். பாஸுக்கு எத்தனை நூறு யூரோ கொடுத்திருந்தாலும் அந்தச் சீட்டுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். அதுவும் பாஸ்காரர்களுக்கு ஒரு ரயிலில் சில இடங்களைத்தான் ஒதுக்குகிறார்கள். அவை தீர்ந்தால், ரயிலில் பாதி காலியாக இருந்தாலும் உங்களுக்கு இடமில்லை. "சீட் காலியா இருக்கே சார்" என்று என்னிடம் வாதாடிப் பயனில்லை. விதியைப் போட்டது நானில்லை.

எல்லா நாட்டிலும் இப்படியா என்றால், இல்லை. பிரான்ஸின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ, இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸா, லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் போகும் யூரோஸ்டார் ஆகிய அதிவேக ரயில்களிலெல்லாம் ரிசர்வேஷன் கட்டாயம். யூரோஸ்டாரில் பாஸ்காரருக்கே ஆளுக்கு 30 யூரோவை ஒட்டி ஆகிவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து பக்கம் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் ஏறி உட்கார்ந்தால் போதும். ஆனால் நம்மவர்கள் கேட்கிற பட்டியலோ எப்போதும் பாரிஸ், சுவிஸ், வெனிஸ், ரோம்தான்.

அடுத்தது, கடைசி நேரத்தில் டிக்கெட் எப்படியும் விலை கூடும், பாஸ் இருந்தால் கவலையில்லை என்கிற கணக்கு. விலை கூடுவது உண்மைதான், விமான டிக்கெட் மாதிரி ஏறும். ஆனால் விசாவுக்காக மூன்று மாதம் முன்பே தேதியும் ஹோட்டலும் முடிவு செய்துவிட்ட நீங்கள் ஏன் கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டும்? முன்கூட்டி எடுத்தால் ஃப்ளாரன்ஸ் – ரோம் அதிவேக ரயிலே 20, 25 யூரோவுக்குக் கிடைக்கும். ஒரு பேச்சுக்கு உங்கள் பாஸில் ஒரு நாளுக்கு 70 யூரோ விழுகிறது என்று வையுங்கள். அந்த 70-ஐ இந்த 25-க்குச் செலவழித்து, மேலே ரிசர்வேஷன் கட்டணமும் கட்டுவீர்களா? ஃப்ளாரன்ஸிலிருந்து பீசா போய்வர பாஸில் ஒரு நாளைச் செலவழித்தவரை எனக்குத் தெரியும். அந்த வட்டார ரயிலுக்கு டிக்கெட் ஒரு வழிக்கு 10 யூரோவை ஒட்டித்தான்.

சுவிஸில் இன்னொரு குழப்பம். யூரெயில் இருந்தால் யுங்ஃப்ராயோக் மலை ரயில் இலவசம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கிடைப்பது 25 சதவீதத் தள்ளுபடி. நகர டிராம், பேருந்து, அருங்காட்சியகம் எல்லாம் சேர்ந்து வருவது சுவிஸ் டிராவல் பாஸில். அது தனிச் சரக்கு. ரீகி மலை அதில் முழுதாக அடங்கும், டிட்லிஸ் மலைக்குப் பாதி விலை. சுவிஸில் மட்டும் நான்கைந்து நாள் சுற்றுகிறவர்கள் அதை விசாரியுங்கள். பாரிஸ் மெட்ரோவுக்கு இரண்டுமே உதவாது.

நான் பாஸுக்கு எதிரி இல்லை. போன வருடம் 24 வயதுப் பையன் ஒருவனுக்கு நானே வாங்கிக் கொடுத்தேன். ஸ்டட்கார்ட்டில் வேலை பார்க்கும் அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் 7 நாள் பாஸில் மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா, சூரிக் என்று சுற்றினான். மழை என்றால் ஊரை மாற்றினான், பிடித்துப்போனால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினான். 27 வயது வரை இளையோர் கட்டணம் வேறு. பாஸ் என்பதே இவனைப் போன்றவர்களுக்குத்தான். கூடப் போக அண்ணனும் யூரெயில் கேட்டார். இந்திய பாஸ்போர்ட் என்றாலும் ஐரோப்பாவில் வசிப்பவர், அங்கே வசிப்பவர்களுக்கென்றே உள்ள இன்டர்ரெயில் பாஸைத்தான் வாங்க வேண்டும். அதிலும் தான் வசிக்கும் நாட்டுக்குள், எல்லை தாண்டி வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள்தான் பயன்படுத்தலாம்.

ஆகவே பாஸ் விளம்பரத்தை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். ஊர் மாறும் நாட்களை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தந்த ரயில்வேயின் தளத்தில் இன்றைய விலை. பக்கத்தில், ரிசர்வேஷன் கட்டாயமா, எவ்வளவு. 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, பெரியவர் ஒருவருக்கு இரண்டு பேர் வரை, பாஸ் இலவசம் என்பதால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கணக்கு மாறலாம். கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். அரை மணி நேர வேலை. பாஸ் என்று முடிவானால், பாஸ்காரருக்கான சீட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். விசா கைக்கு வருமுன் 'ரீஃபண்ட் இல்லை' என்கிற சலுகை விலையில் கை வைக்காதீர்கள், தயவுசெய்து.

மொபைல் பாஸ் வாங்கியவர்கள் ரயில் ஏறுமுன் அந்தப் பயணத்தைச் செயலியில் சேர்த்து, க்யூஆர் வருகிறதா என்று பாருங்கள். சேர்க்காமல் உட்கார்ந்திருந்தால் பரிசோதகர் கண்ணுக்கு நீங்கள் டிக்கெட் இல்லாதவர்தான். இணையமே இல்லாமல் மூன்று நாளுக்கு மேல் செயலி ஓடாது, சிம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு நம் பரம்பரைத் தலைவலி, இனிஷியல். பாஸ்போர்ட்டில் 'முத்துக்குமார் சுப்பிரமணியன்' என்று இருக்கும். பாஸில் 'எஸ். முத்துக்குமார்' என்று போட்டுவிட்டு வருவார்கள். ரயிலில் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். மதுரைக்காரர் பாஸில் அந்தக் கோளாறும் இருந்தது. அம்மாவின் பாஸில் பெயர் ஒரே ஒரு 'எம்' ஆக இருந்ததை அவர் பார்த்ததே, அன்று பாரிஸில் நான் கேட்டபோதுதான்.