மாலையைக் கழற்றிய பிறகு

மாசி பிறந்ததும் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரே மாதிரியான குடும்பங்கள் வரும். கார்த்திகையில் மாலை போட்டு, 48 நாள் ஒரு சொட்டு தொடாமல் இருந்து, மலைக்குப் போய்வந்து, மாலையைக் கழற்றிய வாரமே மறுபடி குடிக்கத் தொடங்கியவர்கள். “விரதத்துல இருந்தாரே மேடம், இப்ப மட்டும் ஏன் முடியல? எல்லாம் திமிரு” என்பார் மனைவி. கணவர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்.

அது திமிர் இல்லை. அந்த 48 நாளும் அவர் யாரோடு இருந்தார் என்று பாருங்கள். விடியற்காலையில் எழுப்பிவிட இன்னொரு சாமி, சாயந்திரம் பஜனை, தப்பினால் கேட்க ஒரு குருசாமி. மாலை இறங்கியதும் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதே நேரம் பார்த்துச் சம்பா அறுப்பு, கையில் கூலி. சாயந்திரம் ஆறு மணிக்கு அவர் எங்கே போய் உட்காருவார்?

மனநலச் சமூகப் பணியாளராக இந்த டெல்டாவில் பல வருடமாக நான் கேட்கும் கேள்வி இதுதான். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒருவரிடமும் கேட்டேன் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன்). நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சட்டையில் சிந்தியது. அவர் மனைவி சுருக்குப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். “சாம்பார்ல கலந்துட்டா அவருக்கே தெரியாதாம். குடுக்கலாமா மேடம்?” குடியை நிறுத்தும் என்ற சுவர் விளம்பரம் பார்த்து வாங்கியது. உள்ளே என்ன மருந்து என்று எதுவும் எழுதியிருக்கவில்லை.

தயவுசெய்து கொடுக்காதீர்கள். குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிரம் போன்ற மருந்து அதில் இருந்தால், அது உடம்பில் இருக்கும்போது மது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அந்த மருந்தை நோயாளியின் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே தருவார்கள்.

இன்னொன்றும் முக்கியம். தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம். எனவே முதலில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, அதற்குப் பிறகுதான் குழு.

குழு என்று நான் சொல்வது பெரும்பாலும் ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்: குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி, ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு. 1935-ல் அமெரிக்காவில், குடியால் அழிந்துகொண்டிருந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவரும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் பிறந்தது. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் சர்ச் வளாகத்தில் நடந்தால் “மதம் மாத்திடுவாங்களா?” என்று பயப்படுகிறார்கள். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை. வாடகை குறைவான இடம் கிடைக்கும் இடத்தில் உட்காருகிறார்கள், அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மனநலப் பிரிவின் ஆலோசகரிடமோ போதை மீட்பு மையத்திலோ “இந்தப் பக்கம் ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது?” என்று நேராகக் கேளுங்கள். 14446 என்ற மத்திய அரசின் இலவச எண்ணில் போதை மீட்புக்கு வழி கேட்கலாம். மனம் உடைந்த இரவுகளுக்கு 14416, எந்நேரமும் பேசுவார்கள். கூட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ எட்டரைக்கு முடிந்தால், கிராமத்துக்காரருக்குக் கடைசி பஸ் போயிருக்கும். அதனாலேயே நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு ஃபோன் வழிக் கூட்டங்கள் உண்டு. முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு மூன்று முறை போய்ப் பாருங்கள், அல்லது வேறு குழுவுக்குப் போங்கள்.

குடும்பத்துக்குத் தனியாக அல்-அனான் என்ற குழு இருக்கிறது. பல மனைவிமார்கள் அங்கேதான் முதன்முறையாக, “என் தப்பு இல்லையா?” என்று வாய்விட்டுக் கேட்டு அழுகிறார்கள். கணவர் குடியை விடாவிட்டாலும் அவர்கள் போகலாம்.

பக்கத்தில் குழுவே இல்லையா? குடியை விட விரும்பும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது குழு என்பது ஏ.ஏ.வின் பழைய வழக்கம். நம் மண்ணுக்கு இது புதிதும் இல்லை. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, அந்தப் பத்தாண்டின் கடைசியிலேயே குடவாசல் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் போட்டு, ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு குடிநோய்க்குச் சிகிச்சை தந்தது.

மூட்டை தூக்கும் அந்த அண்ணன் பத்து நாள் வார்டில் இருந்தார். வெளியே போனபின் இரண்டு முறை சறுக்கினார். இரண்டு முறையும் குழுவிலிருந்த ஒரு மெக்கானிக் வீட்டுக்கே போய், திட்டாமல், திண்ணையில் அவர் கூடவே உட்கார்ந்திருந்து அழைத்துவந்தார். இப்போது இருவரும் கடைத்தெரு வழியாகப் போகாமல் ஆற்றங்கரை வழியாகச் சுற்றிப் போகிறார்கள். கூட்டத்தன்று சாக்குத் தூசியோடு நேராக வந்துவிடுகிறார். பெஞ்சை இழுத்துப் போட்டு, எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுப்பது அவர்தான்.