ஜாரவாக்களுக்கு உங்கள் பிஸ்கட் தேவையில்லை

போர்ட் பிளேரில் சுற்றுலா ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். (ஊர்ப் பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. டிக்கெட் கேட்டுக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இன்னும் அப்படிச் சொல்வதில்லை.) வருகிறவர்களில் தமிழர்கள் நிறைய. செல்லுலார் ஜெயில், ஹேவ்லாக், நீல் என்று விசாரித்துக்கொண்டே வந்து, கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்பார்கள்: "சார், அந்த ஆதிவாசிங்களைப் பார்க்க முடியுமா? கேரண்டியா தெரிவாங்களா?" அவர்கள் சொல்வது ஜாரவாக்களை, இங்கே காட்டில் வாழும் பழங்குடியினரை.

சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிப் பழகிவிட்டேன். ஆனால் போன சீசனில் நடந்ததற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. சுண்ணாம்புக் குகைக்குப் பேர்போன பாராடாங் தீவுக்குப் போகும் வழியில், ஒரு குடும்பம் வண்டியின் ஜன்னலைத் திறந்து, சாலையோரம் நின்ற இரண்டு ஜாரவாச் சிறுவர்களை நோக்கிக் கிரீம் பிஸ்கட் பாக்கெட்டுகளை வீசியது. பின்னால் வந்த போலீஸ் வண்டி பார்த்துவிட்டது. ஓட்டுநர் அன்று முழுக்க ஸ்டேஷனில். குடும்பம் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த நாள் விமானம் ஏறியது. போகும்போது அந்த அம்மா என்னிடம் சொன்னது: "பாவம், பசங்க பசியா இருந்திருக்கும். நல்லெண்ணத்துலதானே குடுத்தோம்?"

இந்த நல்லெண்ணத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சாலை. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரை, அந்தமான் டிரங்க் ரோடு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஜாரவாக்களின் காப்புக்காட்டை ஒட்டியும் ஊடுருவியும் போகிறது. வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும், முன்னும் பின்னும் போலீஸ். முதல் கான்வாய் காலை 6 மணிக்கு என்பதால் ஊரில் இருந்து நடுராத்திரி தாண்டியதுமே எழுந்து கிளம்புவீர்கள். போலீஸ் வருவது உங்கள் மேல் அம்பு விழாமல் காக்க என்று பலர் நினைக்கிறார்கள். அது சாலை போட்ட காலத்துக் கதை. இப்போது அவர்கள் கண் உங்கள் ஜன்னல் மேல்தான் இருக்கிறது.

2002 மே மாதம், காப்புக்காட்டுக்குள் போகும் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூடவில்லை. வடக்கே இருக்கும் ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் மக்கள் ஆஸ்பத்திரிக்கு, காலேஜுக்கு, சாமான் வாங்க எல்லாவற்றுக்கும் இந்தச் சாலையை நம்பித்தான் இருக்கிறார்கள், அது உண்மை. கப்பல் எப்போது கிடைக்கும் என்பது கப்பலுக்கே தெரியாது. ஆனால் சுண்ணாம்புக் குகை பார்க்கப் போகிறவருக்கும் டயாலிசிஸுக்குப் போகிறவருக்கும் ஒரே நியாயம் கிடையாது. 2012-ல் ஜாரவாப் பெண்களைச் சாப்பாடு காட்டி ஆடவைத்த வீடியோ வெளியாகி உலகமே காறித் துப்பியது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுற்றுலா வண்டிகளை நிறுத்தியது, மார்ச்சில் தடை விலகியது. அந்த ஆறு வாரம் பாராடாங் படகுக்காரர்கள் பட்டபாடு எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அவர்கள் வயிற்றுக்கும் ஒரு வழி சொல்லாமல் சாலையை மட்டும் மூடு என்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அது தனிக் கதை.

சரி, பிஸ்கட்டுக்கு வருகிறேன்.

ஜாரவாக்கள் பசியில் வாடுகிறார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? உடம்பில் துணி இல்லை, கறுப்பாக இருக்கிறார்கள், சாலையோரம் நிற்கிறார்கள். அதனால் பிச்சைக்காரர்கள் என்று உங்கள் கண் முடிவு செய்துவிட்டது, அவ்வளவுதான். அவர்கள் காட்டில் காட்டுப்பன்றி இருக்கிறது, உடும்பு இருக்கிறது. ஓடையிலும் கரையோரக் கடலிலும் மீன், நண்டு, சிப்பி. தேன், கிழங்கு, பழம், பலாக்கொட்டை. எந்தப் பருவத்தில் எது எங்கே கிடைக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனைக்கும் காட்டில் துள்ளித் திரியும் புள்ளிமானை அவர்கள் வழக்கமாக வேட்டையாடியதில்லை. அது வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட பிராணி, அவர்கள் உணவுப் பட்டியலிலேயே கிடையாது. கண்ணெதிரே ஓடும் மானை வேண்டாம் என்று விட்டவர்கள் உங்கள் ஐந்து ரூபாய் பிஸ்கட்டுக்காகப் பட்டினி கிடக்கிறார்களா?

"அப்படின்னா ஏன் கை நீட்டுறாங்க?" என்று அடுத்த கேள்வி வரும். நாம் பழக்கினோம், நீட்டுகிறார்கள். 1974 முதல் அரசுப் படகுகளே தேங்காய், வாழைப்பழம், சிவப்புத் துணி எல்லாம் கொண்டுபோய்க் கடற்கரையில் கொடுத்து "நட்பு" வளர்த்தன. 1996-ல் கால் முறிந்து கிடந்த ஒரு ஜாரவா இளைஞனைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்து அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு இறுதியிலிருந்து ஜாரவாக்கள் அம்பில்லாமல் வெளியே வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களுக்குச் சாலையில் வாழைப்பழம் கிடைத்தது, பிஸ்கட் கிடைத்தது, பிறகு புகையிலை கிடைத்தது. 1999-ல் தட்டம்மையும் கிடைத்தது. 2006-ல் மறுபடியும். நமக்கு வந்துபோகிற காய்ச்சல் அவர்களுக்கு என்ன செய்யும் என்று நான் விளக்கத் தேவையில்லை, கொரோனாவுக்குப் பிறகு அதைப் புரியாதவர் கிடையாது. ஜலதோஷத்தோடு ஜன்னலைத் திறந்து தும்மிக்கொண்டே படம் எடுக்கிறவரைப் பார்த்தால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

உங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவே ஒருவன் ரோடு போட்டு, தினமும் நூறு வண்டி விட்டு, ஜன்னல் வழியாக உங்கள் பிள்ளைக்கு மிட்டாய் எறிந்துவிட்டு, "பாவம், இவங்களுக்கு நாகரிகம் தெரியல" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? ஜாரவாக்கள் ரொம்ப காலம் அம்பு விட்டார்கள்.

கொடுப்பது எங்கே போய் முடியும் என்று யூகிக்க வேண்டிய அவசியமே இல்லை, இதே தீவுகளில் முடிந்திருக்கிறது. 1858-ல் ஆங்கிலேயர் இங்கே கைதிகள் குடியிருப்பு அமைத்தபோது கிரேட் அந்தமானியர் என்ற பழங்குடியினர் சில ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களுக்கென்று "இல்லங்கள்" கட்டி, சோறு போட்டு, துணி கொடுத்துப் பழக்கினார்கள். சிபிலிஸ் வந்தது, 1877-ல் தட்டம்மை வந்தது. இன்று சுமார் ஐம்பது பேர், அரசு ரேஷனை நம்பி. அவர்களில் போ மொழி பேசிய கடைசி மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்தார்.

ஓங்கே மக்களின் கதை இன்னும் பக்கத்தில். லிட்டில் அந்தமானில் 1901 வாக்கில் அறுநூறு எழுநூறு பேர் இருந்தவர்கள், இப்போது நூறைச் சுற்றி. அவர்கள் காட்டை வெட்டிக் குடியேற்றமும் செம்பனைத் தோட்டமும் வைத்தோம், அவர்களை டூகாங் க்ரீக்கில் தகரக் கூரைக்குள் அமர்த்தி ரேஷன் அரிசி கொடுத்தோம், குடியும் பின்னாலேயே வந்தது. 2008 டிசம்பரில், கரை ஒதுங்கிய கேனில் இருந்த திரவத்தைச் சாராயம் என்று நினைத்துக் குடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். நூறு பேரில் எட்டுப் பேர். இதைச் சொன்னால் "குடிக்காம இருந்திருக்கலாமே" என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஜாரவாக்கள் 2001 கணக்கெடுப்பில் 240, 2011-ல் 380. "அழிந்துவரும் கடைசி மனிதர்கள்" என்று யூடியூபில் தலைப்பு போடுகிறவர்கள் இந்த எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. இப்படிக் கூடியதற்கு, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான காடு இன்னும் அவர்கள் கையில் இருப்பதுதான் காரணம் என்பது என் எண்ணம். 2004-ல் அரசு கொண்டுவந்த ஜாரவாக் கொள்கையும் அவர்களை வலுக்கட்டாயமாக வெளியே இழுக்காதே என்றுதான் சொல்கிறது. "அவங்களுக்கும் ஸ்கூல், வேலை, வளர்ச்சி வேண்டாமா?" என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு: வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும். அவர்கள் வாயைத் திறக்குமுன் நாம் ரோடு போட்டுவிடுகிறோம்.

இப்போது கிரேட் நிக்கோபாரில் அதே வேலை பெரிய அளவில் தொடங்குகிறது. துறைமுகம், விமான நிலையம், நகரம் என்று ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர் காட்டை மாற்ற 2022-ல் அனுமதி ஆயிற்று. அங்கே காட்டுக்குள் இருக்கும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்குப்படி 229 பேர். எங்கள் தொழிலில் சிலர் இப்போதே ரிசார்ட்டுக்கு இடம் விசாரிக்கிறார்கள். எனக்கும் ஒரு அழைப்பு வந்தது.

வெளியாரை அண்டவிடாத பழங்குடி வாழும் சென்டினல் தீவுக்குக் கிட்டத்தில் படகு விடுவீர்களா என்று கேட்பவர்களுக்கு: மாட்டோம். 2018-ல் ஒரு அமெரிக்கர் கரையேறிச் செத்தார். 2025-ல் இன்னொருவர் தேங்காயும் டயட் கோக்கும் வைத்துவிட்டு வந்து கைதானார். நோய் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி பாராடாங் போகிறவர்களுக்கு. போகத்தான் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். ஐந்து நாள் பயணத்தில் அதற்காக ஒரு முழு நாளும் தூக்கமும் போகும். குகை நன்றாக இருக்கும், ஆனால் ஒரு பழங்குடிக் காட்டைக் கடந்து பார்க்கும் அளவுக்கு அல்ல. கடல் வழியாகப் படகு கிடைக்கிறதா என்று உங்கள் ஏஜென்டைக் கேளுங்கள். எப்போதும் கிடைக்காது, கேட்கக் கேட்கத்தான் கூடும்.

சாலையில்தான் போகிறீர்கள் என்றால், கேமராவும் போனும் பைக்குள். 1956-ன் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையை 2012-ல் திருத்தி, படம் எடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று ஆக்கியிருக்கிறார்கள். "டெலீட் பண்ணிட்டேன் சார்" என்பது ஸ்டேஷனில் செல்லாது. ஜன்னல் மூடியிருக்கட்டும். சாப்பாடு, துணி, காசு, புகையிலை எதையும் நீட்டாதீர்கள், எறியாதீர்கள், வேண்டுமென்றே "தவறவிட்டு"ப் போகவும் செய்யாதீர்கள். இந்த உத்தியும் போலீசுக்குத் தெரியும். காய்ச்சல், சளி இருந்தால் அன்றைய பயணத்தைத் தள்ளிவையுங்கள், சொன்னால் பணத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்லிக் கூட்டிவாருங்கள். "அதோ பாரு, காட்டுவாசி" என்று பெரியவர்கள் கத்தினால் பிள்ளைகள் என்ன கற்கும்?

ஜாரவா "தரிசனம்" உண்டு என்று விளம்பரம் செய்கிற ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள், போலீசில் சொல்லுங்கள். அப்புறம், தயவுசெய்து ஓட்டுநரிடம் ஐந்நூறு ரூபாயை நீட்டி "கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்கண்ணே" என்று கேட்காதீர்கள். அந்த ஐந்நூறு அவருக்குத் தேவையாகத்தான் இருக்கும். வழக்கு வந்து வண்டியைப் பிடித்து வைத்தால் மாதத் தவணை கட்டப்போவது அவர்தான், நீங்கள் இல்லை.