சேபோல்: குடும்பத் தொழிற்குழுமம்

தென்கொரியப் பொருளாதாரச் செய்திகளில் ஓயாமல் அடிபடும் சொல் 'சேபோல்'. ஒரே குடும்பத்தின் பிடியில் பல தொழில்களை நடத்தும் குழுமம் அது. சாம்சங், ஹூண்டாய், எஸ்கே, எல்ஜி எல்லாம் சேபோல்கள். அளவில் பெரியது என்பதால் மட்டும் ஒரு குழுமத்துக்கு இந்தப் பெயர் வந்துவிடாது. உருக்குத் தயாரிக்கும் போஸ்கோவும் பெரிய நிறுவனம்தான். ஆனால் அது அரசு தொடங்கிப் பிறகு தனியாருக்குப் போனது, ஆளும் குடும்பம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. அதனால் அதைச் சேபோல் என்பதில்லை.

'சே' என்றால் செல்வம். 'போல்' என்பது குலம், செல்வாக்குள்ள கூட்டம். இரண்டும் சீன மொழியிலிருந்து வந்தவை. அதே இரண்டு சீன எழுத்துகளை ஜப்பானியர்கள் 'ஸைபாட்சு' என்று படிப்பார்கள். மிட்சுயி, மிட்சுபிஷி, சுமிடோமோ, யசுடா ஆகிய நான்கும் அங்கே பெயர்பெற்ற ஸைபாட்சுகள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றபின் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் இவற்றைக் கலைத்தது.

எழுத்து ஒன்றானாலும் இரண்டும் ஒன்றல்ல. ஸைபாட்சுகளுக்குச் சொந்த வங்கி இருந்தது. கொரியாவில் 1961இல் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீ வங்கிகளைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு, ஏற்றுமதியில் சாதித்துக் காட்டியவர்களுக்கு மலிவு வட்டியில் கடன் கொடுத்தார். 1938இல் உலர்மீன், காய்கறி வியாபாரத்தில் தொடங்கிய சாம்சங் பெரும் தொழிற்குழுமமாக வளர்ந்தது இந்த ஏற்பாட்டில்தான். கடனில் வளர்ந்தவை கடனிலேயே மாட்டிக்கொள்ளவும் செய்தன. 1997 ஆசிய நிதி நெருக்கடிக்குப் பிறகு, 1999இல் டேவூ என்ற பெரிய சேபோல் சரிந்தது.

சரி, கொஞ்சம் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் இத்தனை கம்பெனிகளை எப்படி ஆட்டிவைக்கிறது? ஹூண்டாயைப் பாருங்கள். உதிரிபாகம் செய்யும் மோபிஸ், ஹூண்டாய் மோட்டாரில் பங்கு வைத்திருக்கிறது. ஹூண்டாய் மோட்டாரிடம் கியாவின் பங்கு. கியாவிடம் மறுபடி மோபிஸின் பங்கு! இந்த வளையத்தில் ஓரிடத்தில் பிடி இருந்தால் மூன்றும் குடும்பத்தின் சொல்லைக் கேட்கும். இப்படிப் புதிதாக வளையம் போட 2014 முதல் சட்டம் தடை விதிக்கிறது. பழையவை அந்தத் தடைக்குள் வரவில்லை.

தமிழில் இதைக் 'கூட்டு நிறுவனம்' என்று எழுதினால் இரண்டு கம்பெனிகள் சேர்ந்து தொடங்கியது என்று பொருள்படும். 'பெருங்குழுமம்' என்றால் போஸ்கோவும் உள்ளே வந்துவிடும். 'குடும்ப நிறுவனம்' பரவாயில்லை, ஆனால் அப்பாவும் பிள்ளையும் நடத்தும் ஒற்றைக் கடைக்கும் அது பொருந்துமே. குடும்பம், பல தொழில்கள், குழுமம் என மூன்றையும் சொல்வது 'குடும்பத் தொழிற்குழுமம்'. எந்த நாட்டுக் குழுமத்துக்கும் இதைப் பயன்படுத்தலாம். கொரியக் குழுமங்களைப் பற்றி எழுதும்போது மட்டும் முதல் தடவை 'சேபோல் என்ற குடும்பத் தொழிற்குழுமம்' என்று எழுதிவிட்டு, அப்புறம் 'சேபோல்' என்றே தொடர்வது நல்லது. அரசுக் கடனில் வளர்ந்த அந்தக் கொரிய வரலாற்றைத் தமிழ்ச் சொல் தாங்கி வராது.